முதலில் நின்றுபோனவர்களின் பட்டியலை எடுங்கள்

கேள்வி:

வணக்கம் மேடம். குடியாத்தம் பக்கத்தில் ஒரு சுயநிதி கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். தொகுப்பூதியம்தான். ஜூன் மாதம் முதல்வர் கூப்பிட்டு, "சமவாய்ப்பு மையத்துக்கு இனிமேல் நீங்கள்தான் ஒருங்கிணைப்பாளர், கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்குள் ஃபைலைச் சரி பண்ணிவிடுங்கள்" என்றார். ஃபைலைத் திறந்தால் மகளிர் தினக் கோலப்போட்டி, உறுதிமொழி ஏற்ற போட்டோ, பேச்சாளருக்குப் பொன்னாடை போர்த்திய போட்டோ. அவ்வளவுதான். ஆனால் என் வகுப்பில் பீஞ்சமந்தை மலையிலிருந்து வந்த இரண்டு பையன்கள் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டார்கள். கால் பாதிக்கப்பட்ட ஒரு மாணவி சுவரைப் பிடித்துக்கொண்டு தினமும் இரண்டாம் மாடி ஏறுகிறாள். ஸ்டாஃப் ரூமில் "கோட்டாவில் வந்ததுகளுக்கு இதுவே அதிகம்" என்கிறார்கள் சீனியர்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஹெச்.ஆரில் இருக்கும் என் கணவரோ, "டைவர்சிட்டி எல்லாம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருக்காகச் செய்வது, நீ ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறாய்" என்கிறார். நான் பி.சி. வகுப்பைச் சேர்ந்தவள். மற்றவர்களின் கஷ்டத்தைப் பேச எனக்கு உரிமை உண்டா? வேலைக்கு ஆபத்து வராமல் எங்கிருந்து தொடங்குவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மையத்தின் ஃபைலில் இல்லாத ஒரு விவரம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. இரண்டு பேர் நின்றுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் கல்லூரிகள், தொழிற்சாலைகளில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்காரும் வழக்கறிஞர் நான். போகிற இடத்திலெல்லாம் யார் சேர்ந்தார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. யார் போனார்கள் என்று கேட்டால் அலுவலகம் மேலும் கீழும் பார்க்கிறது.

சேர்ப்பதில் தமிழ்நாடு சளைத்ததில்லை. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். அது பல தலைமுறைகள் உழைத்துக் கிடைத்தது, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தக் கணக்கு வாசலில் எடுப்பது. உள்ளே வந்த பிள்ளை மூன்றாம் வருடம் பட்டத்தோடு வெளியே போகிறதா என்பதை அது சொல்லாது. அதைப் பார்க்க வேண்டியது ஒவ்வொரு கல்லூரியும்தான். உங்கள் கல்லூரியில் அந்த வேலை இப்போது உங்களிடம் வந்திருக்கிறது.

ஆகவே முதல் வேலை ஒரு பட்டியல். மூன்று வருடத்துக்கு முன்னால் முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களின் பெயர்ப் பட்டியலையும், இந்த வருடம் கடைசி செமஸ்டர் எழுதுபவர்களின் பட்டியலையும் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். விட்டுப்போன பெயர்களைத் தனியாக எழுதுங்கள். டி.சி. வாங்கிப் போனவர்கள் கொஞ்சம் பேர் இருப்பார்கள். டி.சி. கூட வாங்காமல் வராமலே போனவர்கள் அதைவிட அதிகம் இருப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சாதி வகுப்பு, ஆணா பெண்ணா, ஊர், விடுதியா பஸ்ஸா, பள்ளியில் எந்த மீடியம், வீட்டில் முதல் பட்டதாரியா, உடல் குறைபாடு ஏதும் உண்டா என்று குறியுங்கள். சாதியை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். பேரணாம்பட்டிலிருந்து வரும் உருது மீடியம் பெண் ஒரு காரணத்துக்காக நிற்பாள், ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பையன் வேறு காரணத்துக்காக நிற்பான். இருவரையும் "இடைநிற்றல்" என்ற ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால் எதையும் சரிசெய்ய முடியாது.

அப்புறம் போன் பண்ணுங்கள். "ஏன்ப்பா நின்னுட்ட?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "வீட்டுச் சூழ்நிலை மேடம்" என்ற ஒரே பதில்தான் வரும், அதில் ஒன்றும் இருக்காது. கடைசியாகக் காலேஜுக்கு வந்த வாரத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஃபீஸ் கேட்டு வகுப்பில் எழுப்பி நிற்க வைத்தார்களா, ஹால் டிக்கெட் தரவில்லையா, பஸ் நின்றுபோனதா, அறை வாடகை கொடுக்க முடியவில்லையா, யாராவது ஏதாவது சொன்னார்களா? பதில் அந்த ஒரு வாரத்துக்குள் இருக்கும்.

உங்கள் மலைப் பையன்களின் கதை எனக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் ஜவ்வாது மலைப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது ஓரளவு தெரியும். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகளிலிருந்து தினமும் இறங்கி ஏறி ஒன்பது மணி வகுப்புக்கு வருவது நடக்காத காரியம். அரசு விடுதியில் இடம் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் இல்லை. கல்லூரிச் சேர்க்கை ஒரு நேரத்தில் முடிகிறது, விடுதிச் சேர்க்கை வேறொரு நேரத்தில் நடக்கிறது. நடுவில் இருக்கும் வாரங்களில் பையன் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பான். சாமை அறுவடைக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ போய்த் திரும்பத் தாமதமானால் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். அதற்கு ஒரு அபராதக் கட்டணம் வரும். அது அவன் அப்பாவின் பல நாள் கூலி.

பணத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான இடைநிற்றல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு, பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. எஸ்.சி. மாணவர்களுக்கான திட்டத்தில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 சதவீதம் தருகிறது. மத்தியப் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லூரி ஃபீஸ் கேட்பது ஜூனில், பணம் வருவது வருடக் கடைசியில். வரும் பணமும் ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், வங்கியில் இன்னொரு எழுத்துக்கூட்டு என்று இருந்தால் விண்ணப்பம் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் நின்றுவிடும். பையனுக்கு அது தெரியாது, கல்லூரிக்கும் தெரியாது. "உன் ஸ்காலர்ஷிப் வரல, ஃபீஸ் கட்டு" என்பதோடு படிப்பு முடிந்துவிடும்.

இதில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய. ஜூலையிலேயே எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஆதார், மார்க் ஷீட், பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் எந்த அலுவலகத்துக்குப் போய்த் திருத்த வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் வரும். அந்தப் பட்டியலில் உங்கள் கல்லூரியிலிருந்து யார் விட்டுப்போயிருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, உதவித்தொகைக்கு விண்ணப்பித்து நிலுவையில் இருக்கும் மாணவருக்கு ஃபீஸ் பாக்கியைக் காட்டி ஹால் டிக்கெட்டை நிறுத்துவதில்லை என்று தாளாளரிடம் ஒரு முடிவு எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாக இருந்தால் கேஷியர் மாறும்போது போய்விடும். சுற்றறிக்கையாக இருக்கட்டும்.

சான்றிதழ் விஷயம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். எஸ்.சி. சான்றிதழ் தாசில்தார் தருவது. எஸ்.டி. சான்றிதழ் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ தருவது, ஆகவே தாமதம் அதிகம். பழங்குடியினர் பட்டியலில் "மலையாளி" (கேரளக்காரர் இல்லை, இந்த மலைகளில் வாழும் பழங்குடியினர்) என்ற பெயர் வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், தருமபுரி என்று சில மாவட்டங்களுக்கு மட்டும் என இன்றும் அச்சில் இருக்கிறது. வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது, வேலூர் 2019-ல் மூன்று மாவட்டமானது, ஆனால் அந்த மக்களின் உரிமை அதனால் மாறவில்லை. இருளர் பிள்ளைகளின் நிலைமை இன்னும் கஷ்டம். செங்கல் சூளையிலும் மரம் வெட்டுகிற இடத்திலும் ஊர் ஊராக மாறி வாழ்ந்த குடும்பத்திடம் "பூர்வீக ஆவணம் கொண்டு வா" என்றால் எங்கிருந்து கொண்டு வரும்? அப்படி ஒரு மாணவர் உங்களிடம் வந்தால், சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறைக்கு முதல்வர் கையெழுத்தோடு கடிதம் அனுப்புங்கள். கல்லூரி லெட்டர்பேடில் போகும் கடிதத்துக்குப் பதில் வரும். அப்பாவும் பிள்ளையும் வரிசையில் நின்றால் "அடுத்த வாரம் வா" என்பார்கள்.

அந்தப் பையன்கள் நின்றதை நீங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் எழுதியதற்கு உங்களை மதிக்கிறேன். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திர போலீசார் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள், ஜவ்வாது மலை ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள். மலையடிவாரத்தில் ஏஜென்ட் இன்றும் தேடுவது கையில் வேலையும் படிப்பும் இல்லாத இளைஞனைத்தான். ஒரு வருகைப் பதிவு அபராதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உங்கள் முதல்வரிடம் ஒருமுறையாவது சொல்லுங்கள்.

சரி, மாடி ஏறும் அந்தப் பெண். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லாத தீர்வு இருக்கிறது. அவள் படிக்கும் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். கீழே இருக்கும் வகுப்பு மேலே போகட்டும். டைம்டேபிள் போடுபவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், ஒருவருக்குத் தேவையான நியாயமான மாற்றத்தைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. உயர்கல்வியில் 5 சதவீத இடம் என்பது அரசுக் கல்லூரிக்கும் அரசு உதவி பெறும் கல்லூரிக்கும்தான். அதைக் காட்டி "நாங்கள் சுயநிதி, எங்களுக்கு இல்லை" என்று சொல்வார்கள். கட்டடத்தையும் வசதிகளையும் எல்லோரும் பயன்படுத்தும்படி வைக்க வேண்டும் என்ற பொறுப்பு அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது. சட்டத்தின் 16-ஆம் பிரிவை எடுத்துக் காட்டுங்கள்.

நாக் குழுவுக்காகச் சாய்தளம் கட்டும் கல்லூரிகளை நிறையப் பார்க்கிறேன். பாதி சாய்தளத்தில் சக்கர நாற்காலியை மேலே தள்ள ஆள் வேண்டும், இறக்கும்போது பிடித்துக்கொள்ள இரண்டு ஆள் வேண்டும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. மூன்று படிக்கட்டு உயரத்தை ஆறடி நீளத்தில் முடித்துவிட்டால் அது போட்டோவுக்கு மட்டும்தான். கழிப்பறையையும் போய்ப் பாருங்கள். மாற்றுத்திறனாளி படம் ஒட்டிய கதவைத் திறந்தால் உள்ளே உடைந்த பெஞ்சும் துடைப்பமும் இருக்கும், அல்லது பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது. அந்தப் பெண் காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாளா என்று தனியாகக் கேளுங்கள். வேலூர் வெயிலில் அது உடம்பைக் கெடுக்கும். இந்தக் கேள்வியை ஒரு பெண் ஆசிரியர்தான் கேட்க முடியும்.

அவளிடம் மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஆன்லைனில் விண்ணப்பித்து, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போகலாம். கையும் பாதிக்கப்பட்டு எழுதுவது சிரமம் என்றால், தேர்வில் எழுதுபவர் உதவியும் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரமும் கேட்கலாம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடும். இதைத் தேர்வுக்கு முந்தின வாரம் கேட்டால் கிடைக்காது, செமஸ்டர் ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது, அதை உங்கள் மாணவிகளுக்குச் சொல்லுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் படித்து அங்கேயே டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை சிகிச்சை எது என்று தேடினார்கள். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையை அவர் கற்றுக்கொண்டு செய்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, இங்கே அந்தத் துறையையே கட்டியெழுப்பினார். பாகாயத்தில் 1966-ல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அப்படி வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய மன உறுதியைப் பாராட்டி எல்லோரும் பேசுவார்கள், பேசட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மருத்துவமனை தன் வேலைமுறையை அவருக்காக மாற்றிக்கொண்டது. அந்த மாற்றம் இல்லையென்றால் எவ்வளவு மன உறுதி இருந்தும் அவர் ஓர் அறைக்குள்ளேயே இருந்திருப்பார். உங்கள் மாணவிக்குத் தன்னம்பிக்கை வகுப்பு வேண்டாம். கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பறையும் திறந்திருக்கும் கழிப்பறையும் போதும்.

ஸ்டாஃப் ரூம் பேச்சுக்கு வருகிறேன். மாணவரின் முகத்துக்கு நேரே, பிறர் பார்க்க, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். அது உங்கள் சீனியர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் "கோட்டா" பேச்சுக்கு எடுத்தவுடன் சட்டத்தைக் காட்டினால், பேசுவது நின்று நினைப்பது மட்டும் தொடரும். நான் சொல்லும் வழி வேறு. உங்கள் பி.காம். பிரிவில் இந்த வருடம் எத்தனை இடம் காலியாக இருந்தது என்று கேளுங்கள். இடமே நிரம்பாத கல்லூரியில் யாருடைய இடத்தை யார் பறித்தார்கள்? இதை ஒருமுறை அமைதியாகக் கேட்டாலே பாதிப் பேச்சு அடங்கும்.

பேச்சைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இன்டர்னல் மார்க். வெளித்தேர்வு 75, இன்டர்னல் 25. வெளித்தேர்வுத் தாளைத் திருத்துபவருக்கு மாணவர் யாரென்று தெரியாது. இன்டர்னல் போடுபவருக்கு ஊர், பேர், அப்பா தொழில் வரை எல்லாம் தெரியும். நீங்கள் வணிகவியல் ஆசிரியர், எக்செல் உங்களுக்கு விளையாட்டு. பெயரை மறைத்துவிட்டு, கடந்த நான்கு செமஸ்டருக்கு ஒவ்வொரு மாணவரின் வெளித்தேர்வு மார்க்கையும் இன்டர்னல் மார்க்கையும் பக்கத்தில் போடுங்கள். வெளியே 50 வாங்கும் பிள்ளைகள் சிலருக்கு இன்டர்னல் 22, சிலருக்கு 13 என்று இருந்தால், அந்த 13 யாருக்கெல்லாம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். வருகைக் குறைவு காரணமாக இருக்கலாம், அசைன்மென்ட் கொடுக்காதது காரணமாக இருக்கலாம். அதையும் தனியாகப் பிரித்துப் பாருங்கள். அதற்கப்புறமும் ஒரே பக்கத்துப் பிள்ளைகளுக்கே குறைவாக விழுந்திருந்தால், முதல்வரிடம் தனியாகக் காட்டுங்கள். ஆசிரியர் பெயரைச் சொல்ல வேண்டாம். இன்டர்னலுக்கு எதற்கு எத்தனை மார்க் என்று செமஸ்டர் ஆரம்பத்திலேயே நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது, மார்க்கை மாணவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவது என்று இரண்டு வழக்கம் வந்தால் போதும். இந்த வேலையை எந்தக் கல்லூரியும் தானாகச் செய்து நான் பார்த்ததில்லை. நீங்கள் செய்தால் உங்கள் மையம் செய்த மிகப் பெரிய காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

வகுப்பில் தமிழில் கேள்வி கேட்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதும் இதோடு சேர்ந்ததுதான். முதல் பட்டதாரிப் பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே வாயை மூடிக்கொள்வது அந்தச் சிரிப்பால்தான்.

உதவித்தொகை வாங்கும் மாணவர்களை வகுப்பில் "எஸ்.சி. எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று கூப்பிடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நாங்குநேரியில் சாதி வெறியில் பள்ளி மாணவர் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024-ல் தந்த அறிக்கையில், மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறது. ஃபைலுக்காக அந்தப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுப்பதும் வேண்டாம். நீங்கள் தயாரிக்கும் பட்டியலும் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

உங்களுக்குப் பேச உரிமை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக உண்டு, ஆனால் அவர்களுக்குப் பதிலாக நீங்கள் பேச வேண்டியதில்லை. அவர்களை மையத்தின் உறுப்பினர்களாக உட்கார வையுங்கள். மலையிலிருந்து வந்து படிப்பை முடிக்கப்போகும் ஒரு மாணவர், அந்த மாணவி, முதல் பட்டதாரி ஒருவர், விடுதிப் பிள்ளை ஒருவர், பேரணாம்பட்டிலிருந்து வரும் ஒரு பெண். மேடையேறித் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல அவர்களைக் கூப்பிடாதீர்கள், அது இன்னொரு அவமானம். டைம்டேபிள், பஸ், ஃபீஸ் தேதி பற்றி முடிவெடுக்கும்போது கூப்பிடுங்கள்.

வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயம் நியாயமானது. தொகுப்பூதியத்தில் இருப்பவரைத் தனியாக முன்னால் நிறுத்தும் எந்த யோசனையையும் நான் சொல்ல மாட்டேன். யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழு 2012-ல் கொண்டுவந்த விதிமுறையிலேயே சமவாய்ப்பு மையத்தோடு பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே அந்தப் பொறுப்புக்கு ஒரு சீனியர் பெயரை முதல்வரிடம் கேட்டு வாங்குங்கள். ஸ்டாஃப் ரூமில் கொஞ்சம் நியாயம் பேசும் ஒருவர் எல்லாக் கல்லூரியிலும் இருப்பார். அலுவலகக் கண்காணிப்பாளரையும் சேருங்கள், அவர் இல்லாமல் ஒரு காகிதமும் நகராது. நீங்கள் எழுதுவது எல்லாம் புகாராக இல்லாமல் முன்மொழிவாக இருக்கட்டும், கீழே முதல்வரின் ஒப்புதல் கையெழுத்து இருக்கட்டும். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

பாலியல் தொல்லைப் புகார் வந்தால் உங்கள் மையம் விசாரிக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உள்ளகக் குழுவின் வேலை, அதில் வெளி உறுப்பினர் கட்டாயம். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். குழு உறுப்பினர்களின் பெயரும் போன் நம்பரும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். யாரும் பார்க்காமல் எழுதிக்கொள்ள முடிகிற இடம் அது ஒன்றுதான்.

உங்கள் கணவருக்கும் சில வார்த்தை. பையர் ஆடிட்டுக்காகத்தான் செய்கிறார்கள் என்று அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தச் சிந்தனை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது என்பதை ஏற்க மாட்டேன். சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை வந்தது 1921-ல். அது செல்லாது என்று 1951-ல் தீர்ப்பு வந்ததும், மாகாணம் கொந்தளித்து, அதே வருடம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) சேர்ந்தது. நம் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியை ஐடா ஸ்கடர் தொடங்கியது 1918-ல். ஆண் டாக்டரிடம் காட்ட மறுத்துப் பிரசவத்தில் பெண்கள் செத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்கினார். வேலை செய்பவர்களில் யார் இல்லையோ, அவர்கள் வீட்டுக்கு அந்த வேலையின் பயனும் போய்ச் சேராது என்பது இந்த ஊருக்கு நூறு வருடமாகத் தெரியும்.

அவருடைய கம்பெனியில் தையல் பிரிவில் பெண்கள்தான் அதிகம் இருப்பார்கள். சூப்பர்வைசர்களில் எத்தனை பெண்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். 26 வாரப் பேறுகால விடுப்பில் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து ஒரு வருடம் தாண்டி வேலையில் இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். அங்கே பொம்மைகள் உறை பிரிக்காமல் அடுக்கியிருந்தால், காலையில் கம்பெனி வேனில் கைக்குழந்தையை ஏற்றிக்கொள்ள டிரைவர் சம்மதிக்கிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேதான் சிக்கியிருக்கும். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கையை விரிவாக எழுதி வைத்து, அதற்கென ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். அந்தக் கொள்கை கண்ணாடிச் சட்டத்துக்குள் ஆங்கிலத்தில் மட்டும் தொங்கினால், தமிழில் எழுதி டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒட்டுவது அவர் கையில் இருக்கிறது. பையருக்காகவே செய்யட்டும், பயன் பெண்களுக்கு வந்தால் சரி.

ஃபைலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நான் சொன்ன பட்டியல், அதன்மேல் எடுத்த முடிவுகள், சுற்றறிக்கைகள், மாற்றிய டைம்டேபிள் எல்லாம் தேதி வாரியாக உள்ளே போனால் நாக் குழுவுக்குக் காட்ட அதைவிட நல்ல ஃபைல் இருக்காது. கோலப்போட்டி போட்டோவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான். படிப்பை விட்ட அந்த இரண்டு பையன்களும் ரீஅட்மிஷன் கேட்க வாய்ப்பு இருக்கிறது. விட்ட செமஸ்டரிலிருந்து தொடரப் பல்கலைக்கழக அனுமதி வேண்டும், அதற்குக் கடைசித் தேதி உண்டு. தேதியை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, மலையில் சிக்னல் கிடைக்கும் நேரம் பார்த்துப் போன் பண்ணுங்கள். போன் போகவில்லையென்றால் அவர்கள் படித்த பள்ளியின் தலைமையாசிரியரிடம் சொல்லியனுப்புங்கள். வரும்போது பழைய ஹால் டிக்கெட், சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக் நான்கையும் எடுத்து வரச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுத விடாதீர்கள். உதவித்தொகை தாமதம், விடுதி இடம் கிடைக்காமை, எது உண்மையோ அதையே எழுதச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பினால் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.